படி, இல்லையேல் போ

கொழும்பு ரோயல் கல்லூரியின் இலச்சினையில் 'டிஸ்கே அவுட் டிஸ்கேதே' என்று லத்தீனில் எழுதியிருக்கும். படி, இல்லையேல் போ என்று பொருள். இங்கிலாந்தின் வின்செஸ்டர் கல்லூரிச் சுவரில் இதே வாசகத்துக்கு மூன்றாம் பகுதியும் உண்டு: இரண்டும் செய்யாதவனுக்கு அடி.

1835இல் தொடங்கிய ரோயலின் மாணவனுக்கு இது நியாயமான எச்சரிக்கை. படிக்கப் பள்ளி இருந்தது. போனாலும் போக வீடு இருந்தது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைக்கோ 'படி' என்று யாரும் வற்புறுத்தவில்லை. 'போ' மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுவரை தோட்டப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் துரைமார்மீது வைத்தது. அதற்குமேல் அவர்களுக்குக் கடமையில்லை. ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு. றப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டு விடியலிலேயே தொடங்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அம்மா கத்தியோடு இருட்டிலேயே இறங்கிவிட, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு லயத்தில் நிற்பது மூத்த பெண்பிள்ளை. பிள்ளைக்காம்பரா திறந்து தம்பியை விட்டுவிட்டு வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்திருக்கும். சில வருடங்களில் அவளுக்கும் தோட்டத்தில் பேர் பதிந்துவிடுவார்கள்.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான்.

அதற்குள் 'போ' என்ற கட்டளை சட்டமாகவே வந்துவிட்டது. 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. 1977, 1981 இனக்கலவரங்களில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடினார்கள். எஞ்சியவர்களில் நாடற்றவர்களாக இருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது.

இன்று பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பலாங்கொடைத் தோட்டப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர். ஆனால் அதன் விஞ்ஞான பீடத்துக்குப் போகும் வழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நிற்கிறது. அதைத் தமிழில் கற்பிக்கும் பள்ளிகள் சப்ரகமுவ மாகாணத்தில் மிகக் குறைவு. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை கலைப்பிரிவில் சேர்கிறது, அல்லது வெளிமாவட்டத்தில் தங்கிப் படிக்கிறது. நாட்கூலி வீட்டுக்கு விடுதிச் செலவு கட்டுபடியாகாது. பிறகு கொழும்புக் கடையும் ஆடைத் தொழிற்சாலையும்தான்.

இதைப் பிள்ளையின் சோம்பல் என்று பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் தமிழ்மொழி விஞ்ஞான, கணித வகுப்புகள் வேண்டும். அவற்றுக்கு நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். மாகாணக் கல்வி அமைச்சிடம் கேட்கவேண்டியது இதைத்தான்.