கல்லெலும்பின் உள்ளமைப்பு

மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். எருது வாங்க வருகிறவன் கொம்பையும் திமிலையும் பார்ப்பதோடு நில்லாமல், அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான். விற்பவன் சொல்லும் வயதைவிடப் பல் சொல்லும் வயதையே அவன் நம்புகிறான். உயிரோடு நிற்கும் எருதுக்கு இவ்வழி போதும். ஆனால் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர் மடிந்து, மண்ணுட் புதைந்து, கல்லாகிப்போன ஒரு பிராணியின் வயதை யாரிடம் கேட்பது? டைனோசார்களுக்கு ஆயுள் முழுவதும் பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டேயிருந்தமையால், பல் இங்கே சாட்சியாகாது. உருவத்தை நம்பலாமோ எனின், அதுவும் ஆகாது. சிறிய எலும்பெல்லாம் குட்டியின் எலும்பு அன்று. குள்ள இனமொன்றில் முதிர்ந்த பிராணியின் எலும்பாகவும் அது இருக்கலாம். இவ்வையத்தைத் தீர்க்கும் சாட்சி எலும்பின் உள்ளேயே இருக்கிறது. அதனை நுண்ணோக்கியின் வாயிலாகக் காணும் முறையையும், அதனால் தீர்ந்த வழக்குகள் சிலவற்றையும், நெடுநாள் தீராது மயங்கிய வழக்கு ஒன்றையும் ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

எலும்பு கல்லாகிறது என்றவுடன், எலும்பு முழுவதும் கரைந்துபோய் அவ்விடத்தில் கல் வந்து அமர்ந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அங்ஙனம் நிகழ்வதில்லை. உயிருள்ள எலும்பு இரண்டு பொருள்களால் ஆயது. ஒன்று, கொலாஜென் என்னும் நார்ப்பொருள். மற்றொன்று, அந்நார்களின் இடையே படிந்த அப்படைட் என்னும் கனிப்பொருளின் மிக நுண்ணிய படிகங்கள். பிராணி இறந்தபின் நார் பெரும்பாலும் அழிகின்றது. படிகங்களோ முன்பு கிடந்த வரிசை குலையாமல் கிடக்கின்றன. இரத்தக் குழாய்கள் ஓடிய துளைகளிலும், எலும்பணுக்கள் குடியிருந்த சிறு குழிகளிலும் நிலத்தடி நீர் கொணர்ந்த கனிப்பொருள்கள் புகுந்து நிரம்புகின்றன. குடியிருந்தவர் போய்விட்டார், அறைகளில் மண் நிரம்பிவிட்டது, ஆயினும் சுவர் எழுப்பிய முறையை இன்றும் காணலாம்.

காண்பதற்கு முன் எலும்பை அறுக்கவேண்டும். அரும்பொருட் காட்சிச்சாலைக் காப்பாளர்கள் இதற்கு எளிதில் இசைவதில்லை, இசையாமையும் நியாயமே. ஆகவே முதலில் எலும்பை அளந்து, படமெடுத்து, அச்சு வார்த்து, அதன் போலியொன்றைச் செய்து வைத்துக்கொள்வர். பின்னர்த் தொடையெலும்பு அல்லது கீழ்க்கால் எலும்பின் நடுத்தண்டினின்று ஒரு துண்டை எடுத்து, ரெசின் என்னும் பிசினில் அமிழ்த்தி இறுகச்செய்து, வைரம் பதித்த வாளால் சீவுவர். அச்சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாணைத்தூளும் நீரும் இட்டுத் தேய்ப்பர். ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும் வரையில் தேய்த்தபின், கருங்கல் போலிருந்த எலும்பினூடே ஒளி பாயும். சிறிது குறையத் தேய்த்தால் ஒன்றும் தெரியாது. சிறிது மிகத் தேய்த்தால் எலும்பே இராது. இவ்வேலையில் கல்வியைவிடக் கைப்பழக்கமே பெரிது போலும்! நடுத்தண்டைத் தேர்ந்தெடுப்பது ஏன் எனின், எலும்பு நீளும்போது அதன் முனைகள் ஓயாது திருத்தி அமைக்கப்படுகின்றன. நடுத்தண்டோ புறத்தே படிந்து படிந்து பருக்கின்றமையால், பழைய வரலாறு அங்கேதான் மிகுதியாக எஞ்சியிருக்கும்.

இத்தகைய சீவலொன்றின் படத்தை முதன்முதல் கண்டபோது, கிழிந்த கோரைப்பாயின் படமென்றே நாம் எண்ணினோம். உற்று நோக்கினால் அதில் ஒழுங்கு புலப்படும். விரைந்து வளர்ந்த எலும்பில் நார்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடக்கும். இரத்தக் குழாய்த் துளைகள் நெருங்கியிருக்கும். மெல்ல வளர்ந்த எலும்பில் நார்கள் ஒரே திசையில் அடுக்கடுக்காக அமையும், துளைகள் அருகியிருக்கும். ஆண்டிற்கொருமுறை, தட்பவெப்பமும் உணவும் மாறுபடும் பருவத்தில், வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்குகிறது. நின்ற இடத்தில் ஒரு கோடு விழுகிறது. மரத்தின் ஆண்டு வளையம் எத்தகையதோ அத்தகையதே இது. உடல் தன் முழு வளர்ச்சியை அடைந்துவிட்டால், கோடுகள் எலும்பின் புறவோரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப் படியும். இவ்வோர நெருக்கமே முதிர்ச்சியின் முத்திரை. அஃது இல்லையாயின், அப்பிராணி இறக்கும்போது இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது என்று கொள்ளவேண்டும்.

ஆயினும் கோடுகளை எண்ணிக் கூறிவிடுவது அத்துணை எளிதன்று. எலும்பு பருக்கப் பருக்க உள்ளேயுள்ள மச்சைக் குழியும் அகன்று, இளமைக் கோடுகளை அழித்துவிடுகிறது. அன்றியும், இரத்தக் குழாய்களைச் சூழ்ந்து பழைய எலும்பு கரைந்து, புதிய எலும்பு வட்டவட்டமாகப் படிகிறது. 1691-ஆம் ஆண்டில் எலும்பைப்பற்றி நூலெழுதிய கிளாப்டன் ஹாவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரின் பெயரால் இவ்வமைப்பு வழங்குகிறது. எழுதிய ஏட்டின்மேலேயே மறுபடியும் எழுதினாற்போல, இதுவும் பழைய எழுத்தை மறைக்கும். ஆகவே அழிந்த கோடுகள் எத்தனை என்பதை, அதே இனத்தின் இளைய எலும்புகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகின்றனர்.

நிற்க. இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தின் கெண்ட் பகுதியிலுள்ள சுண்ணப் பாறையில் கிடைத்த ஒரு நீண்ட எலும்பைக் கண்டு, அஃது ஆல்பட்ராஸ் போன்ற பெருங்கடற்பறவையினது என்று ரிச்சர்ட் ஓவன் கருதினார். 1842-இல் டைனோசார் என்னும் பெயரையே படைத்தவர் அவர். அவர் கூற்றை மறுக்க எளிதில் ஒருவரும் துணியார். ஜேம்ஸ் பவர்பாங்க் என்பவர் துணிந்தார். அவ்வெலும்பை நுண்ணோக்கியிற் கண்டு, அதன் அணுக்குழிகள் பறவையினுடையவை போன்றல்ல என்றும், அது பறக்கும் ஊர்வனவாகிய டெரோசாரின் எலும்பே என்றும் 1848-இல் எழுதி வெளியிட்டார். அவர் முடிபு சரியாகவே நிலைத்தது. ஆனால் அக்குழிகளின் அளவை மட்டும் கொண்டு இனம் பிரிக்கும் அவருடைய வழியை இக்காலத்தார் பின்பற்றுவதில்லை. பிழையான வழியிற் சென்றும் சரியான ஊரை அடைந்தவர் அவர் எனலாம்.

டெரோசாரின் எலும்பு வியப்புக்குரியது. அஃது உள்ளே குழலாய்க் காற்று நிறைந்தது. பெரிய இனங்களிலும் அதன் சுவர் ஓரிரு மில்லிமீட்டர் கனமேயுடையது. சில இனங்களில் அச்சுவரின் நார்கள் ஓர் அடுக்கில் ஒரு திசையிலும், அடுத்த அடுக்கில் வேறு திசையிலும் ஓடுகின்றன. தச்சர் பயன்படுத்தும் ஒட்டுப் பலகையின் வலிமைக்குக் காரணமும் இதுவே. ஜெர்மனியிலுள்ள சோல்ன்ஹோபன் சுண்ணக் கற்களிற் கிடைத்த ராம்போரிங்கஸ் என்னும் டெரோசாரில் சிறிதும் பெரிதுமாகப் பல இனங்கள் உண்டென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவையனைத்தும் ஓரினத்தின் பல்வேறு வயதினரே என்று கிறிஸ்தபர் பென்னெட் 1995-இல் காட்டினார். பின்னர் 2012-இல் எடினா பிரான்ட்வாய் முதலியோர் அவற்றின் எலும்பைச் சீவிப் பார்த்தனர். சிறகின் அகலம் முதிர்ந்த அளவில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை ஆகுமளவும் எலும்பு விரைந்து வளர்ந்ததையும், அதன்பின் வளர்ச்சி மந்தமானதையும் கண்டனர். பறக்கத் தொடங்கியதும் வளர்ச்சிக்குரிய சக்தி பறத்தலுக்குச் செலவாயிற்று என்பது அவர்கள் கருத்து. முட்டையினின்று வெளிவந்த சின்னாட்களிலேயே குஞ்சுகள் பறந்தன என்பாரும் உளர். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

டைனோசார்களின் வயதைக் கோடுகளால் அறியும் வேலையை முன்னின்று செய்தவர்களுள் தென்னாப்பிரிக்காவின் அனுசூயா சின்சாமி-துரான் அம்மையார் ஒருவர். அவர் பெயர் நம் செவிக்குப் புதியதன்று. அவர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆப்பிரிக்க டைனோசார்கள் சிலவற்றின் எலும்புகளை, குட்டி முதல் முதிர்ந்தது வரை வரிசையாகச் சீவி, அவற்றின் வளர்ச்சியைக் கணக்கிட்டார். அக்காலத்தில் கோடுகளைப்பற்றி ஒரு பெருவாதம் நிகழ்ந்தது. வளர்ச்சி நின்று நின்று தொடர்வது முதலை, ஓணான் போன்ற குளிர்ந்த இரத்தப் பிராணிகளின் இயல்பென்றும், ஆகவே டைனோசாரும் அத்தகையதே என்றும் ஒரு சாரார் கூறினர். 2012-இல் மெய்க்கே கோலர் முதலியோர் மான், ஆடு போன்ற அசைபோடும் விலங்குகள் 41 இனங்களின் எலும்புகளை ஆராய்ந்து, வெப்ப இரத்தமுடைய அவற்றிலும் ஆண்டுக் கோடுகள் உண்டென்று காட்டினர். அத்தோடு அவ்வாதத்தின் அடிக்கல் பெயர்ந்தது. இருந்தும் கோட்டின் பயன் குறையவில்லை; வயதைக் கேட்டவர்க்கு அது வயதைச் சொல்லிற்று, இரத்தத்தைப்பற்றிக் கேட்டதுதான் பிழை.

இனி, குட்டியா குள்ளனா என்னும் வினாவிற்கு வருவோம். இன்று ருமேனியாவைச் சேர்ந்த டிரான்சில்வேனியாவில் ஹட்செக் என்னும் பகுதி உண்டு. அங்கே கிடைத்த நீண்ட கழுத்து டைனோசார்கள், பிறநாடுகளில் பல யானைகளின் எடையுடைய தம் உறவினர்க்கு முன் மிகச் சிறியனவாய் இருந்தன. அந்நாட்டுப் பிரபுவாகிய நொப்சா என்பவர், அப்பகுதி பண்டைநாளில் தீவாக இருந்ததென்றும், தீவில் இடமும் உணவும் சுருங்கியமையால் பிராணிகளும் சுருங்கினவென்றும் கூறினார். குட்டிகளைக் கண்டு குள்ளர் என்று மயங்கிவிட்டார் என்று ஐயுற்றோரும் இருந்தனர். 1933-இல் அவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்தபின், 2010-இல் அவ்வெலும்புகளைச் சீவிப் பார்த்தபோது, மிகச் சிறியவற்றிலும் ஹாவர்ஸ் வட்டங்கள் நிறைந்து பழைய எலும்பை மறைத்திருந்தன. குட்டியின் எலும்பு அங்ஙனம் இராது. ஜெர்மனியின் ஐரோப்பசாரஸ் என்னும் சிறு இனத்திலும் முதிர்ச்சியின் முத்திரை உண்டென்பது 2006-இலேயே தெரிந்திருந்தது. நொப்சாவின் வழக்கு வென்றது.

மற்றொரு வழக்கு இத்துணை நேராகச் செல்லவில்லை. 1942-இல் அமெரிக்காவின் மான்டானாவில் புலாலுண்ணும் டைனோசார் ஒன்றின் சிறிய மண்டையோடு கிடைத்தது. அஃது இன்று கிளீவ்லாந்து நகரத்தில் உள்ளது. 1988-இல் ராபர்ட் பக்கர் முதலியோர் அதற்கு நானோடைரன்னஸ், அதாவது குள்ளக் கொடுங்கோலன், என்று பெயரிட்டனர். அது தனியினம் அன்று, புகழ்பெற்ற டைரன்னசாரஸ் ரெக்ஸின் குட்டியே என்று வேறு பலர் மறுத்தனர். மறுப்பிற்கு இடமும் இருந்தது. டைரன்னசாரஸ் பதினான்கு வயதை ஒட்டி நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோகிராம் பெருத்ததென்றும், 'சூ' என்னும் பெயர்பெற்ற பேருருவம் 28 வயதில் இறந்ததென்றும் 2004-இல் எலும்புக் கோடுகள் காட்டியிருந்தன. அவ்வளவு விரைந்து வளரும் பிராணியின் குட்டி, தாயைப்போல் இராமல் மெலிந்து நீண்டிருத்தல் கூடும் அன்றோ?

2020-இல் ஹாலி உட்வர்ட் முதலியோர் 'ஜேன்' என்றும் 'பீட்டி' என்றும் வழங்கும் இத்தகைய இரண்டு சிறு பிராணிகளின் கால் எலும்புகளைச் சீவினர். ஒன்றுக்குக் குறைந்தது 13 வயது. மற்றொன்றுக்குக் குறைந்தது 15. இரண்டிலும் ஓர நெருக்கம் இல்லை. ஆகவே இரண்டும் டைரன்னசாரஸ் குட்டிகளே என்று முடிவாயிற்று. வழக்கு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால் அம்முடிபில் ஒரு தாவல் இருந்ததை இன்று காண்கின்றோம். எலும்பு அவற்றைக் குட்டிகள் என்றது உண்மை. யாருடைய குட்டிகள் என்பதை அது சொல்லவில்லை. குள்ள இனத்திலும் குட்டிகள் உண்டு. பவர்பாங்க் இனத்தைக் கேட்டார்; பின்வந்தோர் வயதைக் கேட்டனர்; இங்கே வயதுக்கு வந்த விடையை இனத்திற்கும் விடையாகக் கொண்டுவிட்டனர்.

2006-இல் மான்டானாவில் முக்கொம்பு டைனோசாருடன் ஒன்றாகப் புதைந்து கிடைத்த சிறு கொடுங்கோலன் ஒன்று வட கரோலினாவின் இயற்கைப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கிறது. 2025 அக்டோபரில் லிண்ட்சே ஸானோ, ஜேம்ஸ் நபோலி என்னும் இருவர் அதன் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அதன் கால் எலும்பில் ஏறக்குறைய 20 ஆண்டுகளின் கோடுகளும், வளர்ச்சி முற்றியதன் அடையாளமும் இருந்தன. எடையோ டைரன்னசாரஸின் எடையில் பத்திலொரு பங்கு. வால் முள்ளெலும்புகளின் எண்ணிக்கை அதற்குக் குறைவு. இவ்வெண்ணிக்கை கருவிலேயே அமைந்துவிடுவது, வளர்ந்து மாறுவதன்று. ஆகவே நானோடைரன்னஸ் தனியினமே என்று அவர்கள் துணிந்தனர். ஜேனும் அக்குடும்பத்திற் சேர்க்கப்பட்டு வேறோர் இனப்பெயர் பெற்றது.

எஞ்சி நின்றது கிளீவ்லாந்து மண்டையோடு. பெயருக்குரிய மூல எலும்பு அதுவே. ஆனால் சீவிப் பார்க்க அதற்குக் கால் எலும்பு இல்லை. அதனோடு கூடவே தொண்டையில் நாவைத் தாங்கும் மெல்லிய எலும்பொன்று கிடைத்திருந்தது. கிறிஸ்தபர் கிரிபின் முதலியோர், இன்றுள்ள பறவை, முதலை முதலியவற்றில் அவ்வெலும்பும் வயதைப் பதிவு செய்கின்றதா என்று முதலில் சோதித்தனர். பதிவு செய்கின்றது என்று கண்டபின்னரே அதனைச் சீவினர். 1942-இல் கிடைத்த அப்பிராணியும் முதிர்ச்சியை எய்தியதே என்று 2025 டிசம்பரில் தெரிவித்தனர். சாட்சியை விசாரிக்குமுன் சாட்சியின் தகுதியை விசாரித்த அவர்கள் முறையை நாம் மிகவும் பாராட்டுகின்றோம்.

இவற்றைப் படிக்கையில் நம் நாட்டு எலும்பு ஒன்றும் நினைவிற்கு வருகிறது. அக்காலத்துத் திருச்சினாப்பள்ளி ஜில்லாவில் டைனோசார் எலும்புகள் உண்டென்று சார்லஸ் மாட்லி 1929-இல் எழுதினார். பின்னர் அரியலூரையடுத்த கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்னும் இருவர் 1987-இல் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டனர். பேருடல் ஊர்வன என்பது பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய எலும்பு உண்டோ, அது கல்லாகிய மரமாயிருக்கலாகாதோ என்று வெளிநாட்டார் சிலர் ஐயுற்றனர். அவ்வையமும் முற்றிலும் வீணன்று. அரியலூரை அடுத்த சாத்தனூரில் 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் ஏறக்குறைய 18 மீட்டர் நீளமுடையது. மரமா எலும்பா என்பது நுண்ணோக்கிக்கு ஒரு வினாவே அன்று. மரத்தின் சீவலில் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கும். எலும்பின் சீவலில் குழாய்த் துளையும் அதனைச் சூழ்ந்த சிறு குழிகளும் தோன்றும். முதலாண்டு மாணவரும் பிரித்தறிவர். ஆனால் மழையிலும் வெயிலிலும் நைந்திருந்த அவ்வெலும்புகள், சாந்து பூசிக் கட்டிய கட்டுக்குள்ளேயே பொடியாகிவிட்டன. அகழ்ந்தபோது எடுத்த ஒளிப்படங்கள் சில 2022-இல் வெளியாயின. அவற்றில் எலும்பின் புறம் தெரிகிறது. சீவுவதற்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை.