நடக்க மறந்த நகரங்கள் – 7: நிறுத்துமிடம் விழுங்கிய நிலம்

லாஸ் ஏஞ்சலிஸ் மக்களின் கார் மோகமே அந்நகரைக் கார்களின் நகரமாக்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனினும், 1920களில் பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்ரயில்கள் ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தண்டவாளங்களில் ஓடிய வட்டாரம் அது என்பதையும், அவற்றுள் கடைசியாக எஞ்சிய லாங் பீச் தடம் 1961இல்தான் மூடப்பட்டது என்பதையும் நோக்கும்போது, மோகத்தை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. மக்களின் விருப்பத்துக்கு இணையான வலிமையுடன் ஒரு கட்டட விதியும் அங்கே செயல்பட்டது.

புதிதாக எழும் ஒவ்வொரு வீடும் கடையும் உணவகமும் இத்தனை கார்களுக்கேனும் தன் மனையிலேயே இடம் ஒதுக்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே குறைந்தபட்ச நிறுத்துமிட விதி. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நகர்த் திட்டமிடல் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், இலவச நிறுத்துமிடத்தின் உண்மை விலையைக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்ட பெருநூலில், அந்த இடத்துக்கான செலவு வீட்டு வாடகையிலும் பொருள்களின் விலையிலும் கரைந்து, கார் வைத்திராத ஏழையின் தலையிலும் விழுகிறது என்று விளக்கினார். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்து நகரங்களின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 14 விழுக்காடு நிறுத்துமிடங்களுக்கே போய்விட்டதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடைக்கும் தெருவுக்கும் நடுவே இவ்வாறு தார்வெளி விரியும்போது நடக்க வேண்டிய தொலைவு கூடுவதோடு, பேருந்தில் வந்து இறங்குபவர் நிழலற்ற அந்த வெளியை வெயிலில் கடந்தே கடைவாசலை அடைய நேர்கிறது. இதைவிடப் பெரிய அநீதி நகரமைப்பில் அரிது.

விதி தளர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் அந்நகரமே சான்று. நகர மையத்தில் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடங்களைப் புதிய நிறுத்துமிடம் சேர்க்காமலே குடியிருப்புகளாக மாற்றலாம் என 1999இல் ஓர் ஆணை அனுமதித்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் சுமார் 7,000 வீடுகள் அவற்றில் உருவாயின. முக்கியப் பொதுப் போக்குவரத்து நிலையங்களிலிருந்து அரை மைல், அதாவது சுமார் பத்து நிமிட நடைத்தொலைவுக்குள் எழும் பெரும்பாலான கட்டடங்களுக்கு இவ்விதியை விதிக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2022இல் சட்டம் இயற்றியது.

ரயிலுக்கும் பணம் வந்தது. லாங் பீச் தடம் 1990இல் பெரும்பாலும் பழைய வழியிலேயே மீண்டும் திறக்கப்பட, மாவட்ட வாக்காளர்கள் 2008இலும் 2016இலும் டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரியைப் போக்குவரத்துக்காகத் தாமே ஏற்றனர். ஆயினும், நிலையத்திலிருந்து வீடுவரை அச்சமின்றி நடக்க முடியாத இடத்தில் ரயில் பாதிப் பயனையே தரும். நடைபாதை, மிதிவண்டித் தடம், பேருந்துத் தடம் ஆகியவற்றுக்கென நகராட்சி 2015இல் வகுத்த திட்டம் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றதால், எட்டில் ஒரு மைல் நீளத்துக்கேனும் சாலை செப்பனிடப்படும்போதெல்லாம் அப்பகுதிக்குரிய திட்டப் பணிகளையும் செய்தாக வேண்டும் என்னும் சட்டம் 2024 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அதை ஆதரித்தனர்.