'அதைத் தொடாதீங்க!': சர்க்கரை உள்ள துணைக்கு நீங்கள் போலீஸா, கூட்டாளியா?

மே, ஜூன் மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி, வடகாடு பக்கம் போனால் ரோட்டோரம் பலாப்பழம் மலை மாதிரி குவிந்து கிடக்கும். போன சீசனில் எங்கள் வீட்டிலும் ஒரு பழம் இருந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது, செல்போன் வெளிச்சத்தில் அப்பா சுளை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 56 வயது மனிதர், உண்டியலை உடைத்த சின்னப் பையன் மாதிரி முழித்தார். "அம்மாட்ட சொல்லிறாத" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மா வீட்டின் உணவுத் துறை அமைச்சர், உளவுத் துறை அமைச்சர் இரண்டுமே. "டீல சக்கரை போட்டாங்களா?", "கடையில என்ன சாப்ட்டீங்க?", "ரிப்போர்ட்ட எடுங்க பாப்போம்". எல்லாம் அக்கறைதான். ஆனால், அந்த அக்கறையின் பலன் என்னவென்றால், அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை; எங்களுக்குத் தெரிந்து சாப்பிடுவதை மட்டும்தான் நிறுத்தினார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒருவர். எனவே, இதைப் படிக்கும் உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ இன்று இல்லையென்றாலும், நாளை இந்தக் கேள்வி வீட்டுக்குள் வரலாம்: கூட இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

'டயாபடீஸ் போலீஸ்' என்றால் என்ன?

சர்க்கரை நோயாளிகளின் மனநிலையை நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கி போன்றவர்கள் அடிக்கடி பேசும் விஷயம் இது. நோயாளி எதைத் தின்கிறார், எவ்வளவு நடக்கிறார் என்று குடும்பத்தினர் கண்காணிப்பதும், தப்பு நடந்தால் கண்டிப்பதும்தான் 'டயாபடீஸ் போலீஸ்' வேலை.

இதில் சிக்கல் எங்கே? சர்க்கரை நோய் என்பது லீவே இல்லாத வேலை. மாத்திரை, சாப்பாடு, ரத்தப் பரிசோதனை, அடுத்த ரிப்போர்ட் பற்றிய பயம் என்று தினமும் ஓட வேண்டும். அதோடு வீட்டில் விசாரணையும் சேர்ந்தால், மனிதர் செய்கிற முதல் காரியம் மறைப்பது. மறைத்தால் டாக்டருக்குத் தவறான தகவல் போகும். தவறான தகவலில் மருந்தின் அளவும் தவறிப்போகலாம்.

எங்கள் வீட்டில் நடந்த அந்த ராத்திரி

சொந்தக்காரர் வீட்டு கெடா விருந்துக்குப் போவதா, வேண்டாமா என்று ஒருநாள் சண்டை. கோபத்தில் அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டார். ராத்திரி 2 மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாத பதில். மீட்டரில் 58 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் தெளிந்த பிறகுதான் அம்மா அழ ஆரம்பித்தார்.

இதுதான் தாழ் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை 70 மி.கி-க்குக் கீழே போவது. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள் போடுபவர்களுக்கும், இன்சுலின் எடுப்பவர்களுக்கும் சாப்பாட்டைத் தவிர்த்தால் இது வரலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. உங்கள் துணை எடுப்பது எந்த வகை மாத்திரை என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எண்ணுவதைவிட இது முக்கியம்.

கூட இருப்பவர் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை:

• வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம், காரணமே இல்லாத எரிச்சல் ஆகியவை அறிகுறிகள். சண்டைக்கு நடுவே இவை தெரிந்தால், சண்டையை நிறுத்திவிட்டு மீட்டரை எடுங்கள்.

• 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கொடுங்கள். டீஸ்பூனில் நிறைவாக மூன்று எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் போதும். சாக்லேட் வேண்டாம்; அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

• 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் கொடுங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிட வையுங்கள்.

• நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

டாக்டர் சொன்ன ஒரு வரி

அடுத்த வாரம் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் சிரித்தபடி சொன்னார்: "அம்மா, நீங்க கணக்குக் கேக்குற வரைக்கும் அவர் கள்ளக்கணக்குதான் எழுதுவாரு." அப்பா உரக்கடை வைத்திருப்பவர். அந்த வரி இரண்டு பேருக்குமே சுருக்கென்று பட்டது.

சரி, கூட்டாளியாக மாறுவது எப்படி?

1. தனிச் சமையல் வேண்டாம். 'அவருக்கு மட்டும் சப்பாத்தி, நமக்கு நெய்ச்சோறு' என்பது சாப்பாடு இல்லை, தண்டனை. தட்டில் பாதி காய்கறி, கீரை; கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் மாதிரி புரதம்; மீதி கால் பங்கு மட்டும் சோறோ சப்பாத்தியோ. இந்தத் தட்டு வீட்டில் எல்லாருக்கும் நல்லது. உங்களுக்கும்தான். பல ஆய்வுகளைத் தொகுத்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட முடிவு இது: துணைக்கு சர்க்கரை நோய் இருந்தால், மற்றவருக்கும் வரும் அபாயம் 26 சதவிகிதம் அதிகம். தம்பதிகளுக்குள் ரத்த சொந்தம் இருக்க வேண்டியதில்லை. ஒரே சமையலறை, ஒரே சோபா, ஒரே பழக்கம் போதும்.

2. 'நல்ல சர்க்கரை'யில் ஏமாறாதீர்கள். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்த சர்க்கரையை ஏற்றும். கேழ்வரகும் கம்பும் நல்லவைதான். ஆனால், சொம்பு நிறைய கேழ்வரகுக் கூழ் குடித்தால் அதுவும் நிறைய மாவுச்சத்துதான். அளவு முக்கியம்.

3. தடை போடாமல் கணக்கு போடுங்கள். 100 கிராம் பலாச்சுளையில் சுமார் 23 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது. கிட்டத்தட்ட அரை கப் சோற்றில் இருக்கிற அளவு. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் இரண்டு சுளை ஆசைப்பட்டால், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சாப்பிடலாம். இருட்டில் எண்ணாமல் சாப்பிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

4. "நடங்க" என்று சொல்லாமல் "வாங்க, நடப்போம்" என்று சொல்லுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாட்கள் அரை மணி நேரம் வேகநடை என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். புதுக்கோட்டை நகரத்தில் புதுக்குளக் கரை இருக்கிறது. கிராமத்தில் கண்மாய்க் கரை போதாதா?

5. எண்ணுக்கு மதிப்பெண் போடாதீர்கள். 'எச்பிஏ1சி' என்பது கடந்த 2, 3 மாதங்களின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. பெரும்பாலானவர்களுக்கு 7 சதவிகிதத்துக்குக் கீழே இலக்கு. வயது, மற்ற நோய்களைப் பொறுத்து அதை டாக்டர் மாற்றுவார். 8.2 வந்தால் "என்ன பண்ணித் தொலச்சீங்க?" என்று கேட்காமல், "இந்த மூணு மாசத்துல எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.

மனைவிக்கு சர்க்கரை என்றால்?

இங்கேதான் கதை மாறுகிறது. கணவருக்கு சர்க்கரை என்றால் மனைவி சமையலையே மாற்றிவிடுவார். மனைவிக்கு என்றால்? பெரும்பாலான வீடுகளில் அவரே எல்லாருக்கும் சமைத்து, கடைசியாக, மீந்த சோற்றை, நேரம் தப்பிச் சாப்பிடுகிறார். காலை நடைக்கு நேரம் ஏது? அந்த நேரத்தில்தான் டிபனும் டிபன் பாக்ஸும்.

கணவர்களே, உங்கள் உதவி "உடம்பப் பாத்துக்க" என்று சொல்வதில் இல்லை. காலை அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டால், அவர் நடந்துவிட்டு வருவார். மாத்திரை தீருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். செக்கப் நாளில் அரை நாள் லீவு போடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பதிவு செய்யுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனையையும் நினைவில் வையுங்கள்.

சைக்கிள் ஓட்டிய தலைமுறை

1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் பல்லாயிரம் பேரை சைக்கிள் ஓட்ட வைத்தது. ஊரார் கேலியைத் தாண்டி பெடல் மிதித்த அந்தப் பெண்களில் பலருக்கு இன்று 50, 60 வயது. சர்க்கரை எட்டிப் பார்க்கிற வயது.

அம்மாவும் 16 வயதில் அப்படிக் கற்றுக்கொண்டவர்தான். டாக்டர் பேசிய மறுவாரம், பரணில் கிடந்த பழைய லேடீஸ் சைக்கிளை இறக்கி டியூப் மாற்றினார். இப்போது காலையில் அப்பா நடக்க, அம்மா கொஞ்ச தூரம் ஓட்ட, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு கூடவே போகிறார். அப்பாவின் எச்பிஏ1சி 8.6-லிருந்து 7.4-க்கு வந்திருக்கிறது. இன்னும் இலக்கைத் தொடவில்லை. சண்டையும் முழுசாக நிற்கவில்லை.

ஆனால், இந்த வருடம் பலாப்பழத்தைப் பகலில் அறுத்தோம். அம்மாவே இரண்டு சுளையை எடுத்து அப்பா தட்டில் வைத்தார். அப்பா சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை.