எல்லை தாண்டினால் கிடைக்கும் கள்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் திருத்தணி, நகரி, புத்தூர் என்று ஊர்ப்பெயர்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். நகரிக்கு அருகே பிரதான சாலையை விட்டு விலகினால் விஜயபுரம் மண்டலம். சித்தூர் மாவட்டத்தின் எல்லையோரம். வயல் வரப்பில் பனை, ஓடைக்கரையில் ஈச்சமரம், பேச்சில் தமிழும் தெலுங்கும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட கள், இந்தப் பக்கத்தில் உரிமம் பெற்ற தொழிலாக இன்னும் இறக்கப்படுகிறது.

நம்மிடம் இருந்த பானம்தான் இது. இன்று அதைச் சுவைக்க அடுத்த மாநிலத்துக்குப் பயணியாகப் போக வேண்டியிருக்கிறது. போகிறவர்கள் அதற்குரிய மரியாதையோடு போக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஒரே மரம், இரண்டு சட்டம்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதோடு போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. அந்தக் கோட்டின் இருபுறமும் அதே பனைதான் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கள் இறக்கினால் வழக்கு. ஆந்திரப் பக்கம் அது பிழைப்பு.

ஆந்திரத்தில் கள் இறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து மரங்களை ஏலமின்றிப் பெறலாம். தனி ஆளாக இறக்குபவருக்கு ‘மரம் தொழிலாளிக்கே’ என்ற திட்டத்தில் உரிமம் உண்டு. எந்த மரத்தில் யார் ஏறுகிறார் என்பது ஆயத்தீர்வைத் துறையின் பதிவில் இருக்கும். தொழில் தெரிந்தவர் கையிலேயே மரமும் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை.

மரத்திலிருந்து பட்டைக்கு

விடியற்காலையில் ஒரு பனையடியில் நின்று பார்த்தால்தான் இந்த வேலை எவ்வளவு கடினமானது என்பது புரியும். காலில் நார் வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டி, அதோடு தொங்கும் குடுவை. உச்சிக்குப் போனதும் மரம் ஏறுபவர் பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவுவார். ஆழமாக வெட்டினால் பாளை கெடும், மேலோட்டமாகச் சீவினால் சாறு வராது. சீவிய நுனியில் ஊறும் சாறு கட்டியிருக்கும் கலயத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையும் மாலையும் இப்படி ஏறி இறங்க வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து சாறு நின்றுவிடும். அதனால் காய்ச்சல், கல்யாணம் என்று எதற்கும் இந்தத் தொழிலில் விடுப்பு கிடையாது.

பாளையிலிருந்து வரும்போது அது வெறும் இனிப்புச் சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கி, சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. கூடவே நுண்ணுயிர்கள் புளிப்பையும் சேர்க்கின்றன. விடியலில் இறக்கியது இளநீர்போல் தித்திக்கும், லேசாக நுரைக்கும். மத்தியானத்துக்குள் இனிப்பும் புளிப்பும் சமமாகி நாக்கில் சுறுசுறுக்கும். சாயங்காலம் காரமாகிவிடும். மறுநாள் காடியின் வாடை வந்துவிடும். நன்றாகப் புளித்த கள்ளில்கூட சாராயச் சத்து ஏறக்குறைய பீர் அளவுதான். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் அது 42.8 விழுக்காடு.

பனங்கள்ளுக்குக் கோடைதான் காலம். ஈச்சங்கள்ளுக்குக் குளிர்காலம் ஏற்றது. ஈச்சமரத்தில் பாளையைத் தொடுவதில்லை. கொண்டைக்குக் கீழே தண்டைச் செதுக்கி, அங்கிருந்து வடியும் சாற்றைப் பானையில் பிடிப்பார்கள். பனங்கள்ளில் ஓர் அழுத்தமான மண்வாசம் உண்டு. ஈச்சங்கள் இன்னும் மென்மையானது. முதல்முறை குடிப்பவர் காலையில் இறக்கிய ஈச்சங்கள்ளில் தொடங்கலாம். பனையோலையை மடித்துப் பட்டை கட்டிக் கொடுத்தால் அதிலேயே குடியுங்கள். ஓலையின் பச்சை வாசனை கள்ளோடு சேர்ந்துவரும். தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலை போதும். பசித்தால் இந்தப் பக்கத்து ராகி சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருக்கின்றன.

உக்ரைனில் கற்ற மரியாதை

ஊர்ப் பானத்தைப் பயணிக்கு எப்படித் தர வேண்டும் என்பதற்கு உக்ரைனைச் சொல்லலாம். மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகளால் லிவிவ், கார்கிவ், ஒடேசா என்ற பெயர்கள் தமிழ் வீடுகளுக்குப் பழக்கமாகிவிட்டன. லிவிவ் நகரின் பீர் ஆலை தன் தொடக்க ஆண்டாக 1715-ஐச் சொல்லிக்கொள்கிறது. ஒடேசா பக்கத்து ஷாபோ ஊரில் 1822-ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் திராட்சைத் தோட்டங்களை வளர்த்தார்கள்; அந்த ஊரின் பெயரிலேயே இன்றும் ஒயின் வருகிறது. ஹொரில்கா என்ற உக்ரைனியர்களின் வோட்காவில் தேனும் மிளகாயும் ஊறும்; முழு மிளகாய் மிதக்கும் புட்டிகளும் உண்டு. அயல்நாட்டவர் வந்தால் இவற்றை ஊரின் வரலாற்றோடு சேர்த்தே ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அங்கேயே இழப்பின் கதையும் இருக்கிறது. பாக்முத் நகரில் 1950 முதல், பழைய ஜிப்சம் சுரங்கங்களுக்குள் புட்டிகளை அடுக்கி நுரைக்கும் ஒயின் தயாரித்துவந்தார்கள். 2022, 2023-ல் நடந்த சண்டையில் அந்த ஊரே தரைமட்டமானது. ஊர் போனால் அதன் பானமும் போய்விடுகிறது. நம் ஊர்களும் பனைகளும் போர் எதையும் காணவில்லை. அப்படியிருந்தும் ஒரு தலைமுறைக்கு மேலாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கள்ளின் சுவை தெரியாது.

பெண்கள் எழுப்பிய குரல்

குடியைப் பற்றி எழுதும்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. இதே ஆந்திரத்தில், நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1992-ல் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. கூலிப் பணம் முழுவதும் கடைக்குப் போனதைக் கண்ட பெண்களின் கோபம் அது. கள்ளுக்காகப் பேசும் எவரும் அதை மறக்கக் கூடாது.

கலப்படமும் உண்மையான ஆபத்துதான். பெருநகரங்களில், மரத்திலிருந்து வந்திருக்கவே முடியாத அளவுக்குக் கள் விற்கும்போது, அதில் குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் போன்ற மயக்க மருந்துகள் கலக்கப்படுகின்றன. ஹைதராபாத்தில் 2025 ஜூலையில் இத்தகைய கள் உயிர்களைக் குடித்தது. எனவே மரம் கண்ணில் படாத இடத்தில் குடிக்காதீர்கள். பாக்கெட்டில், பிளாஸ்டிக் கேனில் வருவதைத் தொடாதீர்கள். இறக்கியவரிடமே வாங்கி, அன்றைக்கே, அளவோடு குடியுங்கள். குடித்த பிறகு வண்டியை எடுக்க வேண்டாம். எல்லை தாண்டி வீட்டுக்கு எடுத்துவருவது குற்றம். திருமலைக்குப் போகிற நாளை அதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். மலையில் மதுவுக்கு அனுமதியில்லை.

நாம் செய்ய வேண்டியது

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டக் கூடாது என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் மரத்தைக் காப்பது அதில் ஏறுகிறவரின் வருமானம்தான். பதநீரும் கருப்பட்டியும் மட்டும் அந்தக் குடும்பங்களுக்குப் போதவில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கள் இயக்கத்தின் நல்லசாமி பல ஆண்டுகளாகத் தடையை நீக்கச் சொல்லிவருகிறார். ஆலையில் வடித்த மதுவைத் தன் கடைகளிலேயே விற்கும் ஓர் அரசு, உழவர் வரப்பில் ஊறும் பானத்தை மட்டும் குற்றமாக வைத்திருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

மரத்துக்கு மரம் எண், இறக்குபவருக்கு அடையாள அட்டை, அன்றைய கள்ளை அன்றே மரத்தடியில் விற்கும் விதி, கலப்படத்துக்குக் கடும் தண்டனை, கடை வேண்டாம் என்று சொல்ல ஊர்ப் பெண்களுக்கு அதிகாரம். இந்த ஐந்தோடு தடையை நீக்கினால் போதும். விஜயபுரத்துப் பனையடியில் நிற்கும் தமிழ்நாட்டுப் பயணி, திருத்தணிப் பக்கத்துப் பனையடியிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம். மரம் ஏறும் தொழிலாளியும் போலீஸ் பயமின்றி இறங்கலாம்.