பழைய டர்போ காரைப் பேணும் முறை

நம் சங்க உறுப்பினர்களுள் பலர் இப்பொழுது பழைய மோட்டார் கார் வாங்க முற்படுகின்றனர். நெய்த சேலைகளைச் சங்கத்தில் சேர்ப்பதற்கும், விதையும் உரமும் வாங்கி வருவதற்கும், குடும்பத்தினரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும் அது பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பல ஆண்டு சேமிப்பை ஒரே நாளில் கொடுத்து வாங்கும் பொருள் ஓராண்டிற்குள் பட்டறையில் முடங்கிக் கிடக்குமாயின், அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகும்? ஆகவே இத்தகைய காரைப் பேணும் முறையை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தினருக்குக் கார் தொழில் புதியதன்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார்களைச் செய்து வருகின்றது. ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை 2010 மார்ச்சு மாதம் திறக்கப்பெற்றது. அங்கு உருவான டஸ்டர் என்னும் கார் 2012இல் விற்பனைக்கு வந்தது. அதன் 1,461 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் டர்போ பொருத்தப்பெற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபொழுது அந்த டீசல் வகை நிறுத்தப்பட்டது. எனவே இன்று சந்தையில் கிடைக்கும் டீசல் டஸ்டர் எதுவும் பழைய வண்டியே. நாம் கூறுவன அதற்கு மட்டுமன்றி மற்ற டர்போ கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

டர்போ என்பது யாது? எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை வீணே போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளும் மிகுதியாக எரியும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல் இழுக்கும். ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த அச்சு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதைத் தாங்கி நிற்பது எஞ்சின் ஆயிலின் மெல்லிய படலமே. ஆயில் கெட்டாலோ குறைந்தாலோ முதலில் அழிவது டர்போதான். ஆகவே உற்பத்தியாளர் குறித்த தரமுள்ள ஆயிலையே இடவேண்டும். கையேடு சொல்லும் கிலோமீட்டர் அல்லது காலம், இவ்விரண்டில் எது முந்துகிறதோ அப்பொழுது ஆயிலையும் ஆயில் பில்டரையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். வாரம் ஒரு முறை, வண்டி சமதரையில் நிற்கையில், அளவுகோலை எடுத்து ஆயில் மட்டத்தைப் பார்ப்பது நலம். காலையில் எஞ்சினை இயக்கியவுடன் விரைந்து முடுக்கலாகாது. நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நின்றால், எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். இன்றேல் அச்சினருகே தேங்கிய ஆயில் சூட்டில் கருகிக் கரியாகப் படியும்.

அடுத்தது காற்று. ஒரகடம் சாலையில் இரவும் பகலும் லாரிகள் எழுப்பும் புழுதியை நாம் அறிவோம். காற்று பில்டரைக் கையேட்டில் சொன்ன காலத்திற்கு முன்னரே திறந்து பார்த்தல் வேண்டும். கிழிந்த பில்டரின் வழியே புகும் மணல் டர்போவின் இறகுகளைத் தேய்த்துவிடும். அழுத்தப்பட்ட காற்று செல்லும் ரப்பர்க் குழாய்கள் பழைய வண்டியில் வெடித்திருக்கக்கூடும். அவ்வழியே காற்று கசிந்தால் வண்டி இழுவை குன்றிக் கரும்புகை தள்ளும். இதைக் கண்டு டர்போவே போயிற்று என்று அஞ்சிப் பணத்தைக் கொட்டுவோர் உளர். முதலில் குழாய்களையும் அவற்றின் பட்டைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீலப்புகை வேறு செய்தி கூறும். அது எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம்.

வண்டி வாங்குமுன் ஒரு சோதனை செய்யலாம். எஞ்சின் ஆறிய நிலையில், தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு காற்றுக் குழாயைக் கழற்றச் செய்து, டர்போ அச்சை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் தெளிவாக அசைந்தாலோ, இறகு சுவரில் உராய்ந்த தடம் இருந்தாலோ அவ்வண்டியை வாங்கற்க. குழாயினுள் ஆயிற்பசை சிறிது இருத்தல் குற்றமன்று. ஆயில் தேங்கி நின்றால் குற்றமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்துக் கார்கள் பல நீரில் மூழ்கின. ஆதலால் இருக்கைக்கு அடியிலும் மின்கம்பி இணைப்புகளிலும் சேறும் துருவும் உண்டா என்று பார்க்கத் தவறாதீர்.

டர்போ பழுதுற்று மாற்ற நேர்ந்தால், அது ஏன் பழுதுற்றது என்று அறியாமல் புதியதைப் பொருத்துவது அறிவுடைமையாகாது. ஆயில் வரும் குழாய் கரியடைத்துக் கிடக்குமானால் புதிய டர்போவும் விரைவில் அழியும். குழாயை மாற்றி, காற்றுக் குளிர்விப்பானில் தேங்கிய ஆயிலையும் உலோகத் துணுக்குகளையும் நீக்கி, புதிய டர்போவில் ஆயில் ஊற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். டஸ்டர் டீசல் 85, 110 என இரு திறன் அளவுகளில் வந்தது. ஒன்றின் டர்போ மற்றொன்றுக்கு ஆகும் என்று கருதலாகாது. பாக எண்ணை ஒத்துப்பார்த்தே வாங்குக.

டைமிங் பெல்ட் என்னும் பற்பட்டையை மறந்தோர் எஞ்சினையே இழப்பர். டஸ்டர் டீசலில் அது ஓடும்பொழுது அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். வண்டி குறைவாக ஓடியிருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறுகின்றது. பழைய சொந்தக்காரர் மாற்றியதற்குப் பட்டறை ரசீது இல்லையெனில், மாற்றவில்லை என்றே கொண்டு உடனே மாற்றுக. டீசல் பில்டரில் சேரும் நீரை வடித்தல், ரேடியேட்டரில் வெறும் நீர் ஊற்றாமல் உரிய கூலண்ட் இடுதல், பிரேக் ஆயிலை உரிய காலத்தில் மாற்றுதல் ஆகியனவும் கட்டாயம் செய்யத்தக்கவை.

இனி மேம்பாடுகள். உள்ள பணத்தை முதலில் நல்ல டயர், பிரேக் கட்டை, ஒளிமிக்க முகப்பு விளக்கு, புதிய பேட்டரி ஆகியவற்றில் இடுக. இவை உயிரைக் காப்பன. கணினிப் பெட்டியில் எண்களை மாற்றிக் கூடுதல் திறன் தருவதாகச் சொல்வோர் உளர். டர்போவின் அழுத்தத்தை உயர்த்தினால் சூடு மிகும். கிளட்சும் பழைய டர்போவும் தாங்கா. மேலும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கின்றது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் வழக்காடும் நிலை வரலாம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதையும், பின்னர்த் தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் விலை பேசுமுன் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்னும் டர்போ காரை விற்றது. அதன் எஞ்சினைக் காக்க, மெதனாலும் வடிநீரும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பவேண்டும். வாங்கியோர் பலர் அதை நிரப்ப மறந்தனர். அதனால் தொல்லை பெருகி, பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டனர். கருவி நல்லதாயினும் கவனிப்பார் இல்லையேல் பயன் இல்லை.

தறியில் ஓர் இழை அறுந்தால் அப்பொழுதே முடிபோடுகிறோம். கிணற்று எஞ்சினின் ஓசை மாறினால் உடனே நிறுத்திப் பார்க்கிறோம். அதே கருத்து காரிடத்தும் வேண்டும். ஒரு குறிப்பேடு வைத்து, ஆயில் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் செலவையும் எழுதி வருக. சங்கக் கணக்கைப் போல் அதுவும் நம் பொருளைக் காக்கும்.