உங்களுக்குத் தெரியுமா? மில்லிங் மேசையும் நீலகிரி மலையும்

வீட்டில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருப்பவருக்கும், தேயிலைத் தொழிற்சாலை ஒர்க்‌ஷாப்பில் ரோலருக்குப் பல் வெட்டுபவருக்கும் கவலை ஒன்றுதான்: ஸ்லைடு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது. நீலகிரியின் இத்தலாரைச் சுற்றியே அதற்குப் பாடம் கிடக்கிறது.

● நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி, இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் தூளாகிறது. இந்த முறையை 1930-இல் அசாமில் உருவாக்கியவர் வில்லியம் மெக்கெர்ச்சர். பல் வைத்த இரண்டு ரோலர்கள் எதிரெதிரே சுழலும். ஒன்று மெதுவாக, மற்றொன்று ஏறத்தாழ 10 மடங்கு வேகமாக. பல் மழுங்கினால் ரோலரைக் கழற்றி ‘மில்லிங், சேசிங்’ செய்து கூராக்குவார்கள். அங்குலத்துக்கு 8 பல் என்றால் பல்லுக்குப் பல் 3.175 மி.மீ. வெட்டும் மெஷினின் ஸ்லைடு ஆடினால் அந்த இடைவெளி பிசகும். இரண்டு ரோலரும் சரியாகப் பொருந்தாது, தூளும் சீராக வராது.

● கைச்சக்கரம் சுற்றுகிறது, மேசை நகரவில்லை. இந்த வெற்று ஓட்டத்தைத்தான் பட்டறையில் ‘ப்ளே’ என்கிறோம். ஸ்க்ரூ புரிக்கும் நட் புரிக்கும் நடுவே உள்ள சந்துதான் காரணம். புரி 2 மி.மீ., டயலில் 100 கோடு என்றால் ஒரு கோடு 0.02 மி.மீ. பத்துக் கோடு சும்மா ஓடினால் ப்ளே 0.2 மி.மீ. அதைச் சரிசெய்யும்வரை ஒரு வழி உண்டு: எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வாருங்கள்.

● கல்லாறு முதல் குன்னூர் வரை மலை ரயில் பல்சக்கரத்தால் ஏறுகிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்பட்டை இரண்டு வரிசை. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதின் பள்ளம். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். மில்லிங் மெஷினிலும் இரண்டு பகுதிகள் சேர்ந்து பிடிக்கும் உபாயம் உண்டு. நட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி புரியின் இந்தப் பக்கத்தையும் மறுபாதி அந்தப் பக்கத்தையும் தள்ளும்படி அமைத்தால் ப்ளே பெரிதும் அடங்கிவிடும்.

● ப்ளே உள்ள மெஷினில் கட்டர் சுழலும் திசையிலேயே மேசையை ஓட்டாதீர்கள். கட்டர் ஜாபைத் தன் பக்கம் இழுக்கும். ப்ளே எவ்வளவோ அவ்வளவும் மேசை ஒரே தாவாகத் தாவும். கட்டர் உடையும், கைக்கும் ஆபத்து.

● ஸ்லைடின் சந்தை அடக்கும் ‘கிப்’ பட்டையைச் சரிசெய்யும் முறை: லாக் நட்டுகளைத் தளர்த்துங்கள். ஒரு கையால் கைச்சக்கரத்தை ஆட்டிக்கொண்டே மறுகையால் ஆலன் கீயை மெல்லத் திருப்புங்கள். சக்கரம் கனக்கும் இடத்தில் நிறுத்தி, மயிரிழை தளர்த்தி, லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு டயல் கேஜை வைத்து மேசையை இரண்டு கையாலும் அசையுங்கள். முள் சொல்வதுதான் உண்மை. பழைய மெஷினில் நடுப்பகுதி அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே மட்டும் பார்த்து இறுக்கினால் ஓரத்தில் மேசை சிக்கும்.

● ஒரு தளம் சமமா என்று பார்க்க இன்னொரு தளம் போதாது. ஒன்று குழிந்து மற்றது புடைத்திருந்தாலும் இரண்டும் அழகாகப் பொருந்தும். மூன்று தகடுகளை மாற்றி மாற்றி நீல மை தடவி உரசி, மை ஒட்டிய மேடுகளைச் சுரண்டினால்தான் மூன்றும் சமமாகும். 1840-இல் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் இதை அறிஞர் சபையில் விளக்கினார். நல்ல ஸ்லைடுகளை இன்றும் கையால் சுரண்டித்தான் முடிக்கிறார்கள்.

● உலகமே நீள அளவுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-இல் முடிவானது. இத்தலார் உறைபனிக் காலையில் 5 டிகிரியில் இருக்கும் 30 செ.மீ. எஃகுத் துண்டு, 20 டிகிரிக்கு வரும்போது சுமார் 0.05 மி.மீ. நீளும். மேசையைக் குறை சொல்லும் முன் வெயில் ஏறட்டும்.

● சாதாரண ஸ்க்ரூவுக்குப் பதில், நட்டுக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ போட்டால் உராய்வு வெகுவாகக் குறையும். 5 மி.மீ. புரியும் 200 படி ஸ்டெப்பர் மோட்டாரும் சேர்ந்தால் ஒரு படிக்கு 0.025 மி.மீ. ஆனால் பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. மேலும் கீழும் ஓடும் அச்சில் போட்டால், கரண்ட் போனதும் தலைப்பகுதி இறங்கிவிடலாம். பிரேக்கோ எதிர் எடையோ அவசியம்.

● ஊட்டியை அடுத்த முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கியின் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடி அதை அமைத்தது. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரிதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பி, ஒரு விண்பொருளை 9 மணி நேரத்துக்கும் மேல் பின்தொடர முடிகிறது. நாம் ஸ்லைடைச் சரிபார்ப்பதுபோல, அவர்கள் முதலில் சரிபார்த்தது மலையை.