ராத்திரி மழை, காலையில் மிதக்கும் மீன்... தோட்டக் குளத்துத் தண்ணியைச் சரியா வெச்சுக்கறது எப்படி?

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலையில, தோட்டக் குளத்துல ரெண்டு மீன் மிதக்கும். முந்தின நாள்கூட நல்லா நீந்தின மீன்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வீட்டுல அல்லியும் கப்பியும் வளர்க்கிறவங்களுக்கு இது புதுசில்லை. உடனே மருந்து வாங்க ஓடாதீங்க. முதல்ல தண்ணியைப் பாருங்க.

பி.ஹெச் ஏன் ஆடுது?

தண்ணி புளிப்பா, காரமானு சொல்ற அளவுதான் பி.ஹெச். 7 நடுநிலை. 6.5-லிருந்து 8.5 வரை பெரும்பாலான மீன்களுக்கு ஓகே. ஆனா, இதுல ஒரு எண் மாறினா 10 மடங்கு மாற்றம்னு அர்த்தம். அதனால 8-லேயே நிலையா இருக்கிற குளத்தைவிட, 7-க்கும் 9-க்கும் தாவுற குளம்தான் ஆபத்து.

பகல்ல பாசியும் செடியும் கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கும், பி.ஹெச் ஏறும். ராத்திரி எல்லா உயிரும் அதை வெளிவிடும், பி.ஹெச் இறங்கும். விடியற்காலையில மிகக் குறைவு, மதியத்துக்கு மேல மிக அதிகம்.

இந்த ஆட்டத்துக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கிறது, தண்ணில கரைஞ்சிருக்கிற பைகார்பனேட். கடைக்காரங்க இதைத்தான் 'கே.ஹெச்'னு சொல்வாங்க. வாளியில வெள்ளைப் படிவம் விடுற கால்சியம், மக்னீசியத்தோட அளவு 'ஜி.ஹெச்'. ரெண்டும் வேற வேற.

டெல்டா தண்ணிக்குப் பல முகம்

மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12-ல திறக்கும். அப்புறம் வாய்க்கால்ல வர்ற தண்ணி வேற, கோடையில போர்வெல்லுல வர்ற தண்ணி வேற. வேதாரண்யம் மாதிரி கடலோரப் பகுதிகள்ல நிலத்தடி நீர்ல உப்பும் சேர்ந்திருக்கும். மழைத் தண்ணியிலயோ கே.ஹெச் ஏறக்குறைய பூஜ்யம். அதோட இயல்பான பி.ஹெச்சே சுமார் 5.6. ஒரே ராத்திரியில நிறைய மழை விழுந்தா, குளத்தோட கே.ஹெச் நீர்த்துப்போகும், பி.ஹெச் சரியும். மேகமூட்டத்துல ஆக்ஸிஜனும் குறைஞ்சா மீனுக்கு ரெட்டை அடி.

நீங்க செய்ய வேண்டியது

* சொட்டு டெஸ்ட் கிட் வாங்குங்க. ஒரே நாள்ல காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் பி.ஹெச் பாருங்க. வித்தியாசம் 1-க்கு மேல போனா கே.ஹெச் குறைவா இருக்கலாம். கே.ஹெச் லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் குறையாம இருக்கறது நல்லது.

* கிளிஞ்சல் போடுங்க. நல்லா கழுவி, வலைப்பையில கட்டி, தண்ணி ஓடுற இடத்துல தொங்கவிடுங்க. தண்ணி புளிச்சா மெல்லக் கரைஞ்சு ஈடுகட்டும்.

* அவசரத்துக்குச் சமையல் சோடா. 1,000 லிட்டருக்கு 30 கிராம் கரைச்சு ஊத்தினா, கே.ஹெச் லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் ஏறும். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்.

* மழைக்கு வழி விடுங்க. குளத்து விளிம்புல வழிஞ்சோடுற குழாய் வைங்க. மொட்டைமாடித் தண்ணி நேரா குளத்துல விழ வேண்டாம்.

* தண்ணி மாத்துறப்ப நிதானம். ஒரு தடவைக்கு 10-லிருந்து 20 சதவிகிதம் போதும். வாய்க்கால் தண்ணியிலிருந்து போர்வெல்லுக்கு மாறும்போது இன்னும் கம்மியா, பல நாள்ல மாத்துங்க.

* புதுச் சிமென்ட் தொட்டியா? சுண்ணாம்பு கசிஞ்சு பி.ஹெச் 10-ஐத் தாண்டிடும். தண்ணி நிரப்பி, வாழைத்தண்டு துண்டுகளைப் போட்டு ஊறவிட்டு, கொட்டிட்டு, திரும்ப நிரப்புங்க. பி.ஹெச் 8.5-க்குக் கீழ நிலையா நிக்கிற வரைக்கும் மீன் விடாதீங்க.

இதெல்லாம் வேண்டாம்

பி.ஹெச் கூடுதலா இருக்குனு ஆசிட் ஊத்தாதீங்க. கே.ஹெச்சைத் தின்னுட்டு, பி.ஹெச் திடீர்னு சரியும். மீன் இருக்கிற குளத்துல நீத்த சுண்ணாம்பும் வேண்டாம், நொடியில பி.ஹெச் எகிறும். அப்போ மீன் கழிவுல இருக்கிற அம்மோனியா இன்னும் கொடிய விஷமா மாறும். ஆர்.ஓ தண்ணியில மட்டும் குளம் நிரப்பினா தாங்குற சக்தியே இருக்காது.

தண்ணிக்கு ஏத்த மீன்

உங்க வீட்டுப் போர்வெல் தண்ணி கடினமா? அதை மாத்தப் போராடாம கப்பி, மோலி வளர்த்துப் பாருங்க, ரெண்டுக்கும் கடின நீர் பிடிக்கும். மென்மையான தண்ணி கேட்கிற நியான் டெட்ராவை அதுல விட்டா தினமும் கவலைதான். மீனுக்காகத் தண்ணியை மாத்துறதைவிட, தண்ணிக்கு ஏத்த மீனைத் தேர்ந்தெடுக்கிறது சுலபம். பர்ஸுக்கும் நல்லது!